ரங்கூனுக்குப் போன பாசிக் கட்டை

சேலம் ஜங்ஷனில் இறங்கினதும் ஜட்காக்காரன் கேட்ட முதல் கேள்வி, "கூட ஆம்பிளை யாருமில்லீங்களா?" என்பது. "ஆம்பிளை ரங்கூன்ல சோறு ஆக்கிட்டிருக்கார். நீ வண்டியை எடு" என்றேன். அதற்குப் பிறகு அஸ்தம்பட்டி போய்ச் சேருகிற வரைக்கும் அவன் குதிரையோடு மட்டுமே பேசினான்.

வந்த காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் அரிசி ஆலைகள் இருக்கிற தெருவில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. கல்யாணமாகிக் கப்பலேறின சில வருஷங்களிலேயே தொடங்கினது. மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. எண்ணெய் காய்ந்ததும் அதில் ஒரு சிட்டிகை கல்பாசி போடுவேன். சேலம் பக்கத்துச் சமையல் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது காட்டு மரங்களின் பட்டையில் ஒட்டிப் படரும் ஒரு பொருள், பார்வைக்குச் சருகு. மேலே சாம்பல் நிறம், அடியில் கறுப்பு. கையில் வைத்து முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்.

ஒரு நாள் அடுக்களைப் பக்கம் பார்த்து, "பாசி போட்டாச்சா?" என்று குரல் கொடுத்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மாசிலாமணிக்கு அது காதில் விழுந்துவிட்டது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், காவிரிக் கரைக்காரர்.

"என்ன பாசி?" என்றார்.

"கல்பாசி."

"கல்லுல படியுற பாசியா? படித்துறையில வழுக்குமே, அதையா குழம்புல போடறீங்க?"

அவருக்குத் தெரிந்த பாசி அது ஒன்றுதான். வாலிப வயதில் அதில் வழுக்கி விழுந்து முன்பல் ஒன்றை ஆற்றுக்குக் கொடுத்தவர். அந்தப் பல்லின் கோபத்தையெல்லாம் என் குழம்பின்மேல் காட்டினார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். சாயங்காலத்துக்குள், 'சேலத்தம்மா குளத்துப் பாசியை அள்ளிப் போட்டுச் சமைக்கிறாள்' என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், பாசியம்மா.

டப்பாவைத் திறந்து காட்டினேன். "குளத்துப் பாசியைக் காய வெச்சிருக்கா, அவ்வளவுதான்" என்றார்கள். இத்தனைக்கும் இவர்கள் யார்? பர்மாக்காரி கடையில் உட்கார்ந்து அழுகின மீனை அரைத்த ஙாப்பியை விரலை நக்கி நக்கிச் சாப்பிடுகிறவர்கள்! எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும். அன்றைக்கு அது உச்சந்தலைக்குப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து சாதுவான மனிதர். "விட்டுத் தள்ளு ஆரோக்கியம். பாசி போடாம ஆக்கு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். எனக்குத் தெரியுமே! இன்றைக்கு நான் பாசியை நிறுத்தினால், இத்தனை நாளும் போட்டது குளத்து அழுக்குத்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? கடையில் வரவர ஈதான் உட்கார்ந்தது. இப்படியே போனால் மூட வேண்டியதுதான். மூடினாலும் மூடுவேன், பொய்க்குப் பயந்து என் குழம்பை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பாசி தண்ணீரில் வளரவில்லை, மரத்தில் வளர்கிறது என்று இவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மரத்தையே கொண்டு வந்து வாசலில் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கப்பலில் வந்த கதையை விட்டுவிடுகிறேன். வாந்தி எடுத்ததைப் படிக்க யாருக்கும் ஆசை இருக்காது.

அஸ்தம்பட்டியில் என் தங்கை லூர்து இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கோர்ட்டில் வேலை பார்க்கிறார். போனதும் டம்ளர் நிறையக் காபி கொடுத்தாள். சேலத்துக் காபியைக் குடித்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. ரங்கூனில் நாங்கள் காபி என்று குடிப்பதை இங்கே கொண்டுவந்து ஊற்றினால் மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"கல்பாசிக்காகவா அக்கா கப்பலேறி வந்தே? எழுதியிருந்தா மூட்டை கட்டி அனுப்பியிருப்பேனே" என்றாள் லூர்து.

"மூட்டை வேண்டாம்டி. கட்டை வேணும்."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் அவள் சொல்கிறாளே என்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். மளிகை மண்டியில் கல்பாசி சாக்குச் சாக்காகக் கிடந்தது. கடைக்காரர் ஒரு கை அள்ளிக் காட்டினார். "கொல்லிமலைச் சரக்குங்க. எத்தனை வேணுமுங்க?"

"மரத்தோட வேணும். பாசி ஒட்டியிருக்கிற கட்டை."

அவர் அள்ளினதைச் சாக்கிலேயே போட்டுவிட்டார். "ஏனுங்க, மீன் வாங்க வந்துட்டு ஏரியவே கேக்கறீங்களே!"

"ஏரிப் பேச்சை எங்கிட்ட எடுக்காதீங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே போகட்டும் என்று வந்துவிட்டேன்.

ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே போகலாமே என்று கேட்பீர்கள். ஏற்காட்டில் மரம் நின்றாலும் துரை மரம், விழுந்தாலும் துரை மரம். ஒரு குச்சியைத் தொடுவதற்குப் பங்களா வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதற்கு நான் ஆளில்லை. பாசி வந்த இடமான கொல்லிமலைக்கே போகிறது என்று முடிவு செய்து, அடுத்த நாள் காலையில் சேந்தமங்கலம் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் என்று சொல்வது மரியாதைக்காக. நான்கு பக்கமும் திறந்த ஒரு பெட்டி அது. உள்ளே எங்களோடு கோழிக்கூடைகளும் ஒரு ஆட்டுக்குட்டியும் வந்தன. ராசிபுரம் தாண்டினதும் முன்பக்கத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. டிரைவர் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கோணுமாமுங்க" என்றார், என்னவோ அது அவர் வீட்டு எருமை என்கிற மாதிரி. எல்லோரும் இறங்கினோம்.

சுற்றிலும் சோளக்காடும் கடலைக்காடும். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோட்டோரத்தில் ஒரு குட்டை. அதன்மேல் பச்சைப் பாசி ஜமக்காளம் விரித்த மாதிரி மூடிக் கிடந்தது. கண்டக்டர் தகர டப்பாவால் அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து தண்ணீர் மொண்டார். நான் கரையில் குந்தி அந்தப் பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கொழகொழவென்று விரலில் சுற்றிக்கொண்டது. சேற்று நாற்றம் மூக்கைத் துளைத்தது. இதையா நான் கறிக்குழம்பில் போடுகிறேன் என்றார் அந்த மனிதர்! கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கோபம் கழுவினாலும் போகவில்லை.

"அதையெதுக்குங்க கையில தொடறீங்க? அரிக்குமுங்க" என்றாள் கூட வந்த ஒரு கவுண்டர் வீட்டு அம்மாள்.

"இதைச் சோத்துல போடுறேன்னு எம்மேல பழி சொல்லியிருக்காங்க."

"அட பாவமே! யாருங்க அந்தக் கட்டையில போறவன்?"

கட்டையில் போகிறவன் என்று அவள் வாயாரத் திட்டினதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் கட்டைக்காகத்தான் போகிறேன் என்றேன். அவள் தூக்குப் போணியைத் திறந்து கம்பஞ்சோறும் மோரும் கொடுத்தாள். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். கப்பல் ஏறின நாளிலிருந்து வயிறு நிறைந்து நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்குள் பஸ்ஸும் குடித்து முடித்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து தள்ளிவிட்டு, ஓடி ஏறிக்கொண்டோம்.

சேந்தமங்கலத்தில் சந்தை. மலையிலிருந்து இறங்கின ஆட்கள் வாழைத்தார், பலாப்பழம், தேன், கல்பாசி என்று பரப்பியிருந்தார்கள். இவர்களை இங்கே மலையாளிகள் என்பார்கள். மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளி. கொச்சிக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தச் சந்தையில் பொன்னாயி என்கிறவள் பாசியை முறத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வயதிருக்கும். கட்டை வேண்டும் என்று நான் கேட்டபோது முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டுக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

"எங்க காட்டோரம் பலா ஒண்ணு சாஞ்சு கெடக்கு. பாசி அப்பிக் கெடக்கு. வந்து வேணும்ங்கறதப் பாத்து எடுத்துக்க" என்றாள்.

ராத்திரி சந்தைத் திண்ணையில் படுத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் அவளோடும் சந்தைக்கு இறங்கியிருந்த மற்றப் பெண்களோடும் மலையேறினேன். அவர்கள் தலையில் உப்பு மூட்டையும் துணி மூட்டையும் வைத்துக்கொண்டு ஊர்க் கதை பேசிக்கொண்டே ஏறினார்கள். நான் வெறுங்கையோடு நாய் மாதிரி இரைத்துக்கொண்டு போனேன். "ரங்கூனு மேடா, பள்ளமா?" என்று ஒருத்தி கேட்டாள். "சமதரை" என்றேன். "அதான்" என்றாள் அவள்.

மேலே போகப் போக வெயில் மாறியது. கீழே சட்டியில் வறுபட்ட அதே மனுஷி இங்கே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பொன்னாயியின் சாமைக்காடு முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. அந்த ஓரத்தில் கிடந்தது பலா. எப்போதோ காற்றில் வேரோடு சாய்ந்ததாம். செத்த மரம் என்றுதான் நானும் நினைத்துப் போனேன். கிட்டே போய்ப் பார்த்தால், அதன்மேல் ஒரு ஊரே குடியிருந்தது.

நிழல் விழுந்த பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி, கை வைத்தால் வெல்வெட்டுத் துணி மாதிரி அமுங்கியது. அதிலிருந்து மயிரிழைத் தண்டுகள் நின்றன, தண்டு நுனியில் கடுகைவிடச் சின்னத் தலைகள். வெயில் படுகிற பக்கத்தில் தேமல் விழுந்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்ப் படலம். அதைத் தொட்டால் பட்டையோடு பட்டையாக இருக்கிறது, பெயர்க்க முடியவில்லை. கிளை நுனிகளில் கிழவன் தாடி போல ஒரு ஜாதி தொங்கியது. நடுவில் மடிப்பு மடிப்பாக, ஓரம் சுருண்டு, மேலே சாம்பலும் அடியில் கறுப்புமாக என் கல்பாசி! இத்தனை வருஷம் டப்பாவில் சருகாகப் பார்த்ததை அன்றைக்குத்தான் உயிரோடு பார்த்தேன். ராத்திரி பெய்த தூறலில் நனைந்து தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. இதற்குக் கல்பாசி என்று பெயர் வைத்தவன் கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் ஒழுங்காக மரப்பாசி என்று வைத்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் உண்டா?

பச்சைப் பாசியும் சாம்பல் பாசியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஒரு கிளையைக் காட்டினேன். பொன்னாயியின் புருஷன் கோடாலியால் அதைக் கைக்குழந்தை நீளத்துக்குத் துண்டு போட்டார். பாசி உதிராமல் இருக்க, நான் அதை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்தேன்.

பொன்னாயி சாமைச் சோறும் அவரைக்காய்ச் சாறும் போட்டாள். அதில் பாசி மணமே இல்லை. கேட்டேன்.

"நாங்க அதப் போடறதில்ல. கீழ்நாட்டாருங்க கேக்குறாங்க, பொறுக்கிக் கொடுக்கிறோம்" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதத் திங்கவா செய்யிறீங்க?" என்றாள். அவள் முகத்தில் அப்போது அச்சு அசலாக மாசிலாமணியைப் பார்த்தேன். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!

நான் தங்கிவிட்டு அடுத்த நாள் இறங்கினேன். வழிக்குத் துணையாகப் பொன்னாயியும் வந்தாள். நல்ல வேளை, வந்தாள். அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடுப்பு. பாரஸ்டு கார்டு ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், மலையிலிருந்து இறங்குகிற பாசிக்குக் காசு வசூலிக்கும் குத்தகைக்காரரின் ஆள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"சாக்குல என்னங்க?" என்றார் கார்டு.

அவிழ்த்துக் காட்டினேன். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "கட்டை சர்க்கார் கட்டைங்க" என்றார் கார்டு. "பாசி எங்க மொதலாளி குத்தகைங்க" என்றான் அந்த ஆள். ஒருவர் மரத்தை எடுத்துக்கொண்டார், ஒருவர் பாசியை எடுத்துக்கொண்டார். எனக்கு மிச்சம் சாக்கு.

"ஒரு காரியம் பண்ணுங்க. பொம்பளைங்க, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. பாசியச் சொரண்டி எடுத்துக்கங்க, கட்டைய உட்டுட்டுப் போங்க" என்றார் கார்டு, இரக்கப்பட்டு.

"பாசி மட்டும் வேணும்னா செவ்வாய்ப்பேட்டையில வாங்கியிருக்க மாட்டேனா? நான் கடல் தாண்டி வந்ததே கட்டைக்குத்தான்."

"கடல் தாண்டிக் கட்டை பொறுக்க வந்தீங்களா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

நான் கட்டையைத் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "சிரிச்சு முடிங்க. நான் போகப்போறதில்லை" என்றேன்.

பொன்னாயி கார்டின் அரிவாளை வாங்கினாள். கட்டையின் நுனியில் ஒரு சீவு சீவினாள். உள்ளே மஞ்சளாய் இருந்தது. "பாத்துக்க சாமி. பலா. எங்க பட்டாக்காட்டு மரம், நாங்க பழம் தின்ன மரம். சர்க்காரா வந்து நட்டுச்சு?" என்றாள். கார்டு சீவின இடத்தைத் தடவிப் பார்த்தார். "பலாதான்" என்று ஒப்புக்கொண்டார்.

குத்தகை ஆள் விடவில்லை. "கட்டை உங்களதுங்க, செரி. பாசி எங்களது. மலையில வெளையற கல்பாசி பூராவும் எங்க குத்தகைங்க."

"என்ன பாசி?"

"கல்பாசிங்க."

கட்டையைக் கை முஷ்டியால் நான்கு தட்டுத் தட்டினேன். "இது கல்லா?"

அவன் வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"சொல்லுங்க, இது கல்லா? கல்லுல இருக்கிறதுக்குத்தானே உங்க குத்தகை? போய்ப் பாறை பாறையாத் தேடுங்க, யார் வேண்டாங்கறா!"

கார்டு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தடுப்பைத் தூக்கிவிட்டார். "போங்கம்மா, போங்க. இவருக்கு வெத்தலை தொண்டையில சிக்கிக்கிச்சு" என்றார். ரங்கூனில் என்னைக் கவிழ்த்த அதே 'கல்', இங்கே எனக்குக் கை கொடுத்தது. பெயர் வைத்தவனை அந்த ஒரு நாள் மட்டும் மன்னித்தேன்.

திரும்பின பஸ்ஸில் கட்டையை மேலே போடச் சொன்னார் கண்டக்டர். மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரிய தலைப்பாகைக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அதென்னங்க சாமி, மடியில?"

"கட்டைங்க. ரங்கூனுக்குக் கொண்டு போறேன்."

"ஏனுங்க, ரங்கூன்ல வெறகுக்குப் பஞ்சமுங்களா? தேக்கே அங்கிருந்துதானுங்களே வருது?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. "அங்க இல்லாத ஒண்ணு இதுல இருக்குங்க" என்றேன்.

"என்னங்க இருக்குது?"

"என் மானம் இருக்குங்க."

அவர் எழுந்து, "அப்பிடின்னா அந்த ஓரம் வேண்டாமுங்க சாமி, அனல்காத்துல காஞ்சு போயிரும். இங்க நடுவால வாங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தார். சேலம் வரைக்கும் வெயில் பக்கம் அவரே உட்கார்ந்து வந்தார்.

அப்படியும் காய்ந்துதான் போயிற்று. அஸ்தம்பட்டியில் சாக்கை அவிழ்த்தால், வெல்வெட்டு கருகிச் சுருண்டு கிடந்தது. சாம்பல் பாசி அப்பளம் மாதிரி நொறுங்கப் பார்த்தது. இத்தனை பாடும் வீணா என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன். லூர்துவின் கொல்லையில் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்தேன். கொல்லையில் லூர்து, "அக்கா, இங்க வா! வா!" என்று கத்தினாள். அவள் பாத்திரம் அலசின தண்ணீரை அந்தப் பக்கம் வீசியிருக்கிறாள். நனைந்த கட்டை விழித்துக்கொண்டுவிட்டது! சுருண்டதெல்லாம் விரிந்து பச்சைப் பசேலென்று நின்றது. சாம்பல் பாசியிலும் பச்சை ஓடி, மெத்தென்று ஆகிவிட்டது. சாகவில்லை, சும்மா படுத்துக் கிடந்திருக்கிறது. நான் சந்தோஷத்தில் அந்தக் கட்டையை முத்தமிட்டேன்.

லூர்து முகம் மட்டும் பேயறைந்தது போல இருந்தது. "அக்கா, இதைப் பாரேன். அப்படியே குளத்துப் பாசி மாதிரியே இருக்கு. இதைக் கொண்டுபோய்க் காட்டினா, அந்த ஆள் சொன்னது சரின்னு ஊரே சத்தியம் பண்ணும்."

சொல்லிக்கொண்டே தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "பச்சையைத் தேய்ச்சு எடுத்துட்டு, உன் பாசி இருக்கிற இடத்தை மட்டும் காட்டு. நீ குழம்புல போடுறது அது மட்டும்தானே?"

அவள் கேட்டது நியாயம்தான். நான் பச்சையைப் போடுகிறதில்லை. தேய்த்துவிட்டால் காரியம் சுலபம். ஒரு நிமிஷம் எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் எதற்கு மறைக்க வேண்டும்? இரண்டும் ஒரே மரத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிழைத்தவை. பச்சையாக இருப்பது ஒரு குற்றமா? தேய்த்த தடம் கட்டையில் தெரியாதா? அதைப் பார்த்துவிட்டு, பாசியம்மா எதையோ சுரண்டி மறைத்தாள் என்று அடுத்த கதை கிளம்பாதா?

"நாரைக் கீழே போடுடி. மலையில எப்படி இருந்ததோ அப்படியே கப்பலேறும்" என்றேன்.

"கடை போயிரும்க்கா."

"போகட்டும். பயந்து நடத்துறதுக்கு அது எதுக்கு?"

அன்று மத்தியானமே கடைவீதியில் போர்டு எழுதுகிறவரிடம் போனேன். லூர்து, 'ஆரோக்கியம் சாப்பாட்டு விடுதி' என்று எழுதலாம் என்றாள். நான் வேறு சொன்னேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், 'காசியம்மா சாப்பாட்டுக் கடை' என்று சாக்கட்டியால் அழகாக வரைந்து வைத்திருக்கிறார்.

"காசியா? நான் பாசின்னு சொன்னேனே."

"கேட்டுதுங்க. பேரு நல்லா இருக்கட்டுமேன்னுதானுங்க மாத்துனேன்" என்றார் அந்த மனிதர்.

"நல்லா இல்லாட்டியும் அதுதான் எம்பேரு. 'பா'வைப் பெரிசாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அழித்து எழுதுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

ரங்கூனில் போய் இறங்கின மறுநாள், போர்டை மாட்டி, வாசலில் முக்காலி போட்டு, கட்டையை அதன்மேல் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். பச்சை பிடித்துக்கொண்டது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. மாசிலாமணியும் வந்தார். பார்த்ததும் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"பாருங்கய்யா! நான் என்ன சொன்னேன்? பச்சைப் பாசி! அவளே கொண்டாந்து வெச்சிருக்கா!"

சவரிமுத்து பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தார். கப்பல் முழுக்க நான் மனப்பாடம் பண்ணி வந்த பதில்கள் ஏராளம். மரம் எது, குளம் எது, சாம்பல் எது, பச்சை எது என்று எல்லாம் வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் தேவையில்லை என்று தோன்றிவிட்டது.

"ஆமாய்யா, பாசிதான்" என்றேன். "மரத்துப் பாசி. மலைப் பாசி. போர்டையும் படிச்சுக்குங்க. பாசி பிடிக்காதவங்க வேற கடைக்குப் போகலாம், கோபமில்லை. பிடிச்சவங்க உள்ளே வாங்க, இலை போட்டாச்சு."

சாம்பல் பாசியில் ஒரு துண்டைப் பிய்த்து, எல்லோர் கண் முன்னாலும் காய்ந்த எண்ணெயில் போட்டேன். மணம் கிளம்பிற்று. சிலர் உள்ளே வந்தார்கள். பலர் போய்விட்டார்கள். அன்று சோறு மீந்தது. அந்த வாரமெல்லாம் மீந்தது. சவரிமுத்து பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். நான் பாசி போட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. வாசலில் கட்டை நனைந்து நனைந்து, மலையில் இருந்ததைவிடச் செழிப்பாகிவிட்டது. அப்போது ஒரு மத்தியானம், குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் யார் என்று நான் எழுத மாட்டேன், அவருக்கும் மானம் உண்டு. முன்பல் ஒன்று இல்லாததால் எலும்பை ஓரப் பல்லில் வைத்துக் கடித்தார். இலையை விட்டுத் தலை நிமிராமலே, இன்னும் கொஞ்சம் குழம்பு என்று கையால் காட்டினார். சட்டியின் அடியிலிருந்து, பாசி நிறையக் கிடக்கிற குழம்பாகப் பார்த்து மொண்டு ஊற்றினேன்.